பெயர் எழுத வேண்டாம்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

கணிதத் துறை இரண்டாம் ஆண்டில் இன்று முதல் சுற்று முடிந்தது. "கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு எப்படி இருந்தது" என்று கேட்டு இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பூஜ்யம் என்றால் எனக்கு அப்படி இல்லவே இல்லை, மூன்று என்றால் எப்போதும் அப்படித்தான். இதே இருபது கேள்விகளுக்குப் போலந்திலும் கென்யாவிலும் இந்தோனேஷியாவிலும் கல்லூரிப் பிள்ளைகள் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த நாட்டுப் பிள்ளைக்கு மனபாரம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு. மதுரைப் பக்கத்துப் பங்கு என்னுடையது. என் பிஎச்.டி.யும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆறாவது வருடமாக.

கரும்பலகையில் "பெயர் எழுத வேண்டாம்" என்று பெரிதாக எழுதிவிட்டுத்தான் தாள்களைக் கொடுத்தேன். வாயாலும் சொன்னேன். திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் பெயர், பதிவெண், துறை, தேதி. ஸ்கேல் வைத்து மார்ஜின் வேறு. சிலவற்றின் உச்சியில் பிள்ளையார் சுழி, ஒன்றிரண்டில் சிலுவை. பெயர் இல்லாத தாளுக்கு மார்க் கிடையாது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நான் சொன்னதும் மாறிவிடுவார்களா? ஒரு பையன் எழுந்து, "மேம், இது இன்டர்னல்ல சேருமா" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கும்போது, "உண்மையத்தான் எழுதணுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். உண்மையை எழுதினால்தான் பிரயோஜனம் என்றேன்.

பெயர்களையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட வேண்டும். மார்க்கர் தீர்ந்துவிட்டது. நாளை வாங்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 7, புதன்

மார்க்கர் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதியம் தாள்களைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். கணிதத் துறைக் கட்டில் நடுவில் ஒரு தாள். பென்சிலால் மார்ஜின், குண்டு குண்டாக அழகான எழுத்து. நாகஜோதி, இரண்டாம் ஆண்டு. தூக்கம் வரவில்லை – மூன்று. நெஞ்சை அடைக்கிறது – மூன்று. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை – மூன்று. பதினேழாவது கேள்வி, இருப்பதைவிட இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதிலும் மூன்று. அந்த மூன்றை மட்டும் இரண்டு தரம் வட்டமிட்டிருந்தாள்.

ஜன்னலோரப் பெண். அவள் தாளைத் திருப்பித் தந்தபோது இந்தக் குண்டு எழுத்தைப் பார்த்திருந்தேன்.

ஆய்வு விதிகளில் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்துவிட்டால், முதலில் அந்த மாணவியிடம் பேச வேண்டும், பிறகு அவள் நம்பும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதைப் படித்தேன். படித்துவிட்டு நேராக மாடியேறி, என் நெறியாளர் பாண்டியராஜன் சாரிடம் தாளை நீட்டினேன்.

சார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் முகம் மாறிவிட்டது. "நீ கவலப்படாதம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவோடு பஸ் ஏறி அவனியாபுரம் வந்து, அம்மா வைத்த மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நாகஜோதி போய்விட்டாள். படிப்பை விட்டே போய்விட்டாள்.

சார் அவளுடைய துறைத் தலைவர் ஜெயக்கொடி மேடத்திடம் சொல்லியிருக்கிறார். மேடம் வகுப்பு ட்யூட்டரிடம். ட்யூட்டர் அட்மிஷன் ஃபாரத்தைப் பார்த்து அவள் அப்பா நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். உங்கள் மகள் ஏதோ தப்பான முடிவு எடுத்துவிடுவாள் போலிருக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. போன வருடத்து இரண்டு அரியரையும் கூடவே சொல்லிவிட்டார். அதை அவள் வீட்டில் மறைத்து வைத்திருந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை எழுமலையிலிருந்து லோடு வண்டியில் அப்பாவும் சித்தப்பாவும் வந்து பெட்டி, பக்கெட், மெத்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருத்தரும்.

ஜெயக்கொடி மேடம் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "நல்ல நேரத்துல சொன்ன ஜெனி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா காலேஜ் பேரு என்னாகும்?"

போலந்தில் ஒரு அறை இருக்கிறதாம், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்கு ஆள் உண்டாம். எங்கள் கல்லூரியிலும் "மாணவர் ஆலோசனை மையம்" என்று போர்டு மாட்டிய அறை உண்டு. உள்ளே ஆண்டு விழா பேனர்களும் கேரம் போர்டுகளும் கிடக்கின்றன. இங்கே ஒரு பிள்ளைக்கு என்ன ஆனாலும் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, அப்பாவின் போன் நம்பர். காய்ச்சலுக்கும் அதுதான், காதலுக்கும் அதுதான், இதற்கும் அதுதான். இது எனக்குத் தெரியாதா? இதே ஊரில்தானே நானும் படித்தேன்? தெரிஞ்சிருந்தும் ஏன் அப்படி ஓடுனேன்?

ஹாஸ்டல், கல்லூரியில் எனக்குள்ள அறையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே போகாமல் மாடிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மார்க்கர் வாங்கினேன். எல்லாப் பெயர்களையும் அடித்தேன். இனி யாருக்கு என்ன லாபம்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஹாஸ்டல் மெஸ்ஸில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது என் வழக்கம். அதனால்தான் பாதிப் பேர் என்னை மேம் என்று கூப்பிடாமல் அக்கா என்பார்கள். இன்று நான் தட்டோடு போனதும் அந்த மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். ஒருத்தி மட்டும் இருந்தாள். முத்துமீனா, நாகஜோதியின் அறைத் தோழி.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அவ எங்கிட்டக்கூடச் சொல்லலக்கா. நீங்க கேட்டீகன்னுதான் எழுதுனா."

பிறகு அவளும் எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 14, சனி

எழுமலைக்குப் போய் வந்தேன். அம்மாவிடம் உசிலம்பட்டியில் தோழி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். உசிலம்பட்டியில் இறங்கி இன்னொரு பஸ். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் உதவவில்லை.

ஊருக்கு வெளியே தோட்டத்தோடு சேர்ந்த வீடு. கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் அம்மா சின்னத்தாய் பதறிப்போய்க் கடைக்கு ஆள் அனுப்பிக் குடிக்கக் கலர் வாங்கி வரச் செய்தார். என்னை யாரென்று தெரியாமல் அத்தனை மரியாதை. அப்பா வெள்ளைத்துரை தோட்டத்திலிருந்து வந்து, துண்டை உதறிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னது நான்தான் என்று நானே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கும்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க சொல்லலைனா நாங்க என்ன பண்ணியிருப்போம் டீச்சர். ஒத்தப் புள்ள. படிப்பு கிடக்கட்டும். எம்மக உசுரோட இருந்தாப் போதும்."

வயலுக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களையெல்லாம் தம்பி வீட்டுக்கு மாற்றிவிட்டாராம். அவள் படுக்கும் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். ராத்திரி வாசலில் குறுக்காகக் கட்டிலைப் போட்டுக்கொள்கிறாராம். கல்லூரியில் அத்தனை பேர் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் அன்று அவள் பக்கத்தில் இருக்கத் தோன்றவில்லை, இந்த மனிதர் பக்கத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வேன்? தினமும் காலையில் எழுந்ததும், "எப்டித்தா இருக்க?" என்று கேட்பாராம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையாம். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். வெளியே தெரிந்தால் நாளைக்கு அவளைப் பெண் கேட்டு யார் வருவார் என்று சின்னத்தாய் முணுமுணுத்தார். கோயிலில் வேண்டிக் கையில் கயிறு கட்டியிருக்கிறார்களாம்.

நாகஜோதி பின்பக்கம் வேப்ப மரத்தடியில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்துக் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள். கையில் அந்தக் கறுப்புக் கயிறு. நானும் உட்கார்ந்து ஒரு அரிவாள்மனையை வாங்கிக்கொண்டேன். குவியல் பாதியாகும் வரை அரிந்தோம். சின்னத்தாய் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"குளிக்கப் போனாக்கூட அம்மா வெளிய நிக்கிதுக்கா" என்றாள். பிறகு கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா சொன்னீக?"

பயந்துவிட்டேன் என்றேன். அதுதான் உண்மை.

"நீங்கதான உண்மையா எழுதச் சொன்னீக."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. வெங்காயம் என்பதால் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்ததை யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது சின்னத்தாய் ஒரு பை நிறைய வெங்காயம் கொடுத்தனுப்பினார். விசேஷ வீட்டில் வெங்காயமா கொடுத்தார்கள் என்று அம்மா கேட்டார்.

செப்டம்பர் 16, திங்கள்

சொல்லாமல் இருந்திருந்தால்? இதைத்தான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வட்டம் போட்ட பிள்ளை. சொல்லாமல் விட்டிருந்து ஒன்று நடந்திருந்தால் நான் இருந்திருப்பேனா? சொன்னது தப்பில்லை. அவளிடம் கேட்காமல் சொன்னதுதான் தப்பு. இதை எழுதிவிட்டால் மனது ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

நான்கு நாட்டுக் குழுவும் கணினித் திரையில் கூடும் மாதக் கூட்டம். ஆய்வின் தலைவர் ஹெலன், போலந்திலிருந்து பேசுகிறவர், நல்ல பெண்மணி. ஆபத்தில் இருப்பதாகக் கண்டறிந்த மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொரு ஊராகக் கேட்டார். கென்யாக்காரர் மூன்று பேரைச் சொன்னார். எங்கள் முறை வந்ததும் பாண்டியராஜன் சார் முந்திக்கொண்டு, ஒரு மாணவி, குடும்பத்தின் ஆதரவில் இருக்கிறார் என்றார். ஹெலன் முகம் மலர்ந்தது. கீழை நாடுகளில் குடும்பம் எப்படிப் பெரும் பலமாக இருக்கிறது பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார்.

நான் மைக்கைத் திறக்கவே இல்லை. சார் பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

அக்டோபர் 17, வியாழன்

மழை. பஸ் கிடைத்து வீடு வர இருட்டிவிட்டது. வேலை ஓடவில்லை. அம்மா, "சாப்ட்டியா" என்றார். சாப்பிட்டேன் என்றேன். மெஸ்ஸில் சாப்பிடுவதை விட்டதிலிருந்து வீட்டுச் சோறுதான் கொண்டுபோகிறேன். அம்மா என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். மிஷன் ஸ்கூல் ஆபீஸில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. போய்க் கழுவி வைத்தார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் அக்கா அதிரசமும் முறுக்கும் கொடுத்தார். எழுமலைக்குப் போன் பண்ணினேன். சின்னத்தாய்தான் எடுத்தார். பிள்ளை புதுத் துணி உடுத்திச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், இப்போதெல்லாம் நல்லாருக்கேன்மா என்று தானாகவே சொல்கிறாள் என்றார். அவளிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 11, திங்கள்

செமஸ்டர் பரீட்சை ஆரம்பம். கணிதத் துறை அறையில் ஜன்னலோர பெஞ்சில் வேறு யாரோ.

ஜெயக்கொடி மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். நாகஜோதியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். மேடம் முதலில் பிடி கொடுக்கவில்லை. பொறுப்பு யார் ஏற்பது, ஹாஸ்டலில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று அடுக்கினார். நான் ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன்? ஒரு ஆராய்ச்சி மாணவி, என் ஃபைலிலேயே கையெழுத்துக்கு ஆறு மாதம் அலைகிறவள். ஆனால் கடைசியில் மேடம், டிசம்பரில் அப்பா வந்து எழுதிக் கொடுத்தால் உட்காரட்டும், விட்ட பேப்பர்களை ஏப்ரலில் எழுதட்டும் என்றார். அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார்.

வெள்ளைத்துரைக்குப் போன் போட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நவம்பர் 25, திங்கள்

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 9, திங்கள்

வந்துவிட்டாள். அதே பெட்டி, அதே பக்கெட். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், கறுத்திருக்கிறாள். வெள்ளைத்துரை வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். மேடம் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். எப்படி மனம் மாறினீர்கள் என்று கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"தெனம் கேப்பேன்ல டீச்சர். மொதல்ல பேசவே மாட்டா. அப்பறம் நல்லாருக்கேன்ப்பானு சொன்னா, மூஞ்சி சொல்லல. இப்ப மூஞ்சியும் சொல்லுது."

பஸ் ஏறும்முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி எது என்றாலும் முதல் போன் தனக்குத்தான் வர வேண்டும் என்று சொன்னார். தலையாட்டினேன். அவர் போனதும் நாகஜோதி கேட்டாள், "நீங்க போன் பண்ண மாட்டீகல்லக்கா?" அதற்கும் தலையாட்டினேன். ஒரே தலை, இரண்டு ஆட்டம். நல்ல பிழைப்பு.

மூஞ்சியும் சொல்கிறது என்றார் அவர். நானும் பார்த்தேன். மெஸ்ஸில், வகுப்பு வாசலில், எங்கே பார்த்தாலும் சிரிக்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சிரிக்கிறாள்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அவனியாபுரத்தில் விடியும் முன்பே ஜல்லிக்கட்டுக் கூட்டம். தெருமுனை வரை தடுப்புக் கட்டை, போலீஸ், மைக் சத்தம். வீட்டை விட்டு வெளியே போக வழியில்லை. இரண்டாம் சுற்றுக்கான தாள்களை எண்ணிக் கட்டு கட்டினேன். இந்தத் தடவை தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறேன், பெயர் எழுத வேண்டாம் என்று. மைக்கில் யாரோ ஒரு மாட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

இரண்டாம் சுற்று.

ஒரு தாளில்கூடப் பெயர் இல்லை. பிள்ளையார் சுழி இல்லை, சிலுவை இல்லை, மார்ஜின்கூட இல்லை. நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "எல்லாம் சைபர்டா மாப்ள" என்றான். பக்கத்திலிருந்தவன் உடனே குனிந்து வட்டம் போட ஆரம்பித்தான். முன் வரிசைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ரெக்கார்டு நோட்டில் ஒருத்தர் எழுதியதைப் பார்த்து வகுப்பே எழுதுமே, அதே வேகம், அதே ஒற்றுமை. கேள்வியைப் படித்த மாதிரியே தெரியவில்லை. போன தடவை ஒரு மணி நேரம் எடுத்த வேலை, ஹாஜர் எடுக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

முத்துமீனா தாளை என் மேஜையில் வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். சவால் மாதிரி ஒரு பார்வை. எல்லாம் பூஜ்யம்.

நாகஜோதி கடைசியாக வந்தாள். தாளைக் கவிழ்க்காமல் என் பக்கம் திருப்பி நீட்டினாள். வரிசையாக இருபது பூஜ்யம், ஒவ்வொன்றையும் சுற்றி அளந்த மாதிரி வட்டம். பதினேழாவதிலும். சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"சரியாப் போட்டிருக்கேனாக்கா?"

நான் என்ன சொல்ல வேண்டியிருந்தது? தப்பு என்றா? உண்மையை எழுது என்று இன்னொரு தடவையா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? சரிம்மா என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கீழே போய்ப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கூட்டம். மதுரை மாணவர்களின் மனபாரம் ஆறே மாதத்தில் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. திரையில் நான்கு கோடுகள். மூன்று நாடுகளின் கோடு பரீட்சை நெருங்க நெருங்க மேலே போகிறது, எங்களுடையது மட்டும் குப்புற விழுகிறது. ஹெலன் வியந்துபோனார். இடையில் ஏதாவது பயிற்சி கொடுத்தீர்களா, மற்ற ஊர்களுக்கும் சொல்லுங்களேன் என்றார்.

பாண்டியராஜன் சார் யோகா என்றார்.

யோகா நடந்தது உண்மைதான். ஒரு நாள். போட்டோ எடுத்து முடிந்ததும் பாய்களைச் சுருட்டிவிட்டார்கள். சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அன்று அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கேட்டவர் முகம் கோணாமல் பதில் சொல்வது அவருக்கும் பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே பழக்கம். எனக்கும்.

கூட்டம் முடிந்ததும் சார் உற்சாகமாக, இதையே தனிக் கட்டுரையாக எழுதிவிடலாம், உன் ஆய்வேட்டுக்கு அழகான அத்தியாயம் என்றார். கை குலுக்கினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். அம்மா பக்கத்தில் முழங்காலில் இருந்தார். நான் ஒன்றும் ஜெபிக்கவில்லை. குனிந்து கண்ணை மூடி, ஜெபிக்கிற மாதிரி இருந்தேன். வெளியே வந்ததும் அம்மா, "நல்லா ஜெபிச்சியா" என்றார். ஆமாம்மா என்றேன்.

நானும் சைபர்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இந்தத் தடவை மாடிக்குப் போகவில்லை. முதலில் ஹாஸ்டலுக்குப் போனேன்.

நாகஜோதியும் முத்துமீனாவும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெலனுக்கு நான் எழுதப்போவதை அப்படியே சொன்னேன். முதல் சுற்றில் உண்மையை எழுதிய ஒரு மாணவியை நாங்கள் காட்டிக்கொடுத்தோம், அவள் படிப்பே போக இருந்தது. அந்தப் பயத்தில்தான் இரண்டாம் சுற்றில் எல்லோரும் பூஜ்யம் போட்டார்கள். இந்த எண்கள் இவர்களுடைய மனதைச் சொல்லவில்லை, எங்கள்மேல் இவர்களுக்கு உள்ள அவநம்பிக்கையைச் சொல்கின்றன. ஆகவே மதுரையைக் கணக்கில் எடுக்காதீர்கள். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

முத்துமீனா கேட்டாள், "எங்க பேரு வருமா?"

வராது என்றேன். அவள் ஒரு நைட்டியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, நாகஜோதியைப் பார்த்தாள். நாகஜோதி கிளிப்பைக் கையில் வைத்து அழுத்தி அழுத்தித் திறந்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் திரும்பி வந்ததிலிருந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் சிரிக்காதது இன்றுதான்.

"எழுதிக்கங்க" என்றாள்.

அதன் பிறகு மாடியேறினேன். சாரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன் என்று நினைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிறியே ஜெனி" என்றார். அதில் வருத்தம்தான் அதிகம் இருந்தது. நான் கதவருகே போனதும், தன் பெயரை இழுக்காமல் அனுப்பிக்கொள் என்றார்.

அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஹெலனின் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருக்கிறார், நேர்மைக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அட்டவணையில் மதுரை இருந்த பத்தியை எடுத்துவிட்டார்கள். அடிக்குறிப்பில் ஒரு வரி: தரவின் தரம் போதாமையால் ஓர் இடம் நீக்கப்பட்டது. இனி மூன்று நாடுகளின் பிள்ளைகள் எவ்வளவு துன்பப்படுகிறார்கள் என்று உலகத்துக்குத் தெரியும்.

சார் ஒரு வாரமாகப் பேசவில்லை. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் போய்விட்டது. இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஆறு வருஷமா, என்று மட்டும் அம்மா கேட்டார். பிறகு நாளைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

மதியம் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாசலில் நாகஜோதி நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்டாள். வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஸ்ஸுக்குப் போகவில்லையா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இனிமேல் அவளிடம் எதையும் கேட்கப்போவதில்லை என்று எனக்குள் ஒரு தீர்மானம். மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவள் பக்கம் தள்ளினேன். அம்மா வைத்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

ரொம்ப நேரம் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு மூடியைப் பார்த்துக்கொண்டே, "நேத்தும் தூங்கலக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நிறையப் பேசினாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். நான் இருக்கிறேன், முத்துமீனாவும் வருகிறாள். டாக்டர் பேச்சை எடுத்தது நான்தான், சரி என்று சொன்னது அவள். அப்பாவுக்கு யார் சொல்வது என்று தயங்கினேன். டிசம்பரில் அப்பாவுக்கும் மகளுக்கும் நான் ஆட்டிய தலை நினைவுக்கு வந்தது. "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்க்கா" என்றாள். என் போனை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். நம்பரை அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள். பிறகு காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவர் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டிருப்பார். "நல்லா இல்லப்பா" என்று இவள் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது. நான் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த அம்மாவுக்குச் சந்தோஷம். ஒரு பருக்கை மிச்சமில்லை. இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாய் என்றார். பாதிதான் நான் சாப்பிட்டேன்மா, மீதியை இன்னொருத்தி சாப்பிட்டாள் என்றேன். யார் என்று கேட்டார்.

பெயர் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொன்னேன்.